கிளுவை வேலியில் காய்ந்த வேட்டி

எனக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் ஆனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் குடலிறக்கம் என்றேன். துடியலூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவனுக்கு அது பொருத்தமான வியாதி. கனமான மோட்டாரைத் தூக்கித் தூக்கி வந்திருக்கும் என்று கேட்பவர்களே காரணத்தையும் சொல்லிக்கொள்வார்கள். புராஸ்டேட் என்று சொன்னால் எதிரில் இருப்பவரின் கண் ஒரு நொடி கீழே போய்விட்டு மேலே வரும். அந்தப் பார்வையை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வேண்டிய மட்டும் பார்த்துவிட்டேன்.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. டியூபை எடுத்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. இருமினால் நனைந்தது. தும்மினால் நனைந்தது. குனிந்து ஸ்பேனரை எடுத்தால் நனைந்தது. சில பேருக்கு இப்படி ஆகும், மெதுவாகக் கட்டுக்குள் வரும் என்று டாக்டர் சொன்னார். மெதுவாக என்றால் எத்தனை நாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பெரியவர்களுக்கான பேடு வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் தெரு மெடிக்கலில் அதைக் கேட்க முடியாமல், என் மனைவி பஸ் ஏறி டவுனுக்குப் போய், மாமியாருக்கு என்று சொல்லி வாங்கி வந்தாள். என் அம்மா இறந்து பல வருஷம் ஆகிறது.

தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். பேன்ட்டை விட்டுவிட்டு வேட்டிக்கு மாறினேன். கடையில் வேலைக்கு இருந்தவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பாதி நாள் வீட்டிலேயே கிடந்தேன். கல்யாணம், காரியம் எதற்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனால் கடைசி பெஞ்சில் கதவோரம் உட்கார்ந்துகொண்டு, எல்லோரும் எழுந்து பாடும்போது மெதுவாக வெளியே வந்துவிடுவேன்.

இதில் எனக்குப் பெரிய சிக்கலாக இருந்தது என் கூட்டாளி.

அவனும் நானும் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு நூல் மில்லில் சேர்ந்து வேலை பார்த்தோம். இருவரும் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ். நான் ஐடிஐ படித்துவிட்டு வந்தவன். அவன் அன்னூர்ப் பக்கம் தோட்டம் துரவு உள்ள வீட்டின் இரண்டாவது மகன். கிணற்றில் தண்ணீர் வற்றிப்போன வருஷங்களில் மில்லுக்கு வந்தான். பின்னால் மில்லை மூடினார்கள். அவன் ஊருக்குத் திரும்பி விவசாயத்தைப் பார்த்தான். நான் கடை போட்டேன். அதற்குப் பிறகும் சனிக்கிழமை தவறாமல் துடியலூருக்கு வருவான். வேலை இருந்தாலும் வருவான், இல்லாவிட்டாலும் வருவான். கடையில் ஒரு காலி மோட்டார் கூட்டின் மேல் உட்கார்ந்து, நான் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுவதைப் பார்த்தபடி உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் திட்டுவான். மத்தியானம் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவான்.

என் அப்பா அன்னூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில், அவன் குடும்பத்தைப் போன்ற ஒரு குடும்பத்தின் பண்ணையத்தில் ஆளாக இருந்தவர். அவன் குடும்பம் இல்லை, வேறு. ஆனாலும் வித்தியாசம் அந்த வித்தியாசம்தான். அதைப் பற்றி எங்களுக்குள் பேச்சே வந்ததில்லை. பேசாமல் இருப்பதுதான் மரியாதை என்று நான் நினைத்திருந்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு சனிக்கிழமைகளில் நான் கடையில் இல்லை. போன் செய்தால் மனைவியை எடுக்கச் சொல்வேன். தூங்குகிறார் என்பாள். வெளியே போயிருக்கிறார் என்பாள். ஒரு நாள் அவன் வீட்டுக்கே வந்து கதவுக்கு வெளியே நின்று பேசினான்.

"ஏம்மிணி, என்ற மேல ஏதாச்சும் கோவமா அவனுக்கு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கண்ணா. ஒடம்புதான் செரியில்ல."

"ஒடம்பு செரியில்லாதவனத்தான பாக்க வந்துருக்கறேன்?"

உள்ளே கட்டிலில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். எழுந்து போகவில்லை. அன்றைக்குக் கட்டில் நனைந்திருந்தது.

அதற்கு அடுத்த வாரம் அவனே மறுபடி போன் செய்தான். இந்த முறை என் கையில்தான் போன் இருந்தது. காங்கேயம் பக்கம் ஒருவர் மாடு விற்கிறாராம், ஒரு பசுவும் கன்றும், பார்க்கப் போக வேண்டுமாம்.

"நீயும் வா. காருலதான் போறோம். பையன் வாங்கிக் குடுத்துட்டுப் போயிருக்கறான், சும்மா நின்னுட்டுக் கெடக்குது."

"எனக்கென்ன மாட்டப் பத்தித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். நீ கூட வா, போதும்."

மறுக்க நினைத்தேன். ஆனால் எத்தனை நாள் மறுப்பது? வரமாட்டேன் என்றால் அவன் இனி வரமாட்டான் என்று தோன்றியது. சரி என்றேன்.

காலையில் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை. பேடு கட்டிக்கொண்டேன். அதற்கு மேல் ஒரு டவுசர், அதற்கு மேல் வேட்டி. மனைவி ஒரு பையில் மாற்று வேட்டியும் இன்னொரு பேடும் எடுத்து வைத்தாள். பையைப் பார்த்தால் என்ன என்று கேட்பான் என்று நான் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். அவள் வாசல் வரை பையோடு வந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கார் புதிது. சீட்டில் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் எடுக்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அவிநாசி தாண்டியதும் ஓரமாக நிறுத்தி இளநீர் வாங்கினான். வேண்டாம் என்றேன். வெயிலில் வெட்டிய இளநீரைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.

"ஏப்பா, என்ற கையில ஒரு எளனி வாங்கிக் குடிக்கறதுக்குக்கூட ஆவலையா உனக்கு?"

குடித்தேன். வேறு என்ன செய்வது?

விற்பவரின் வீடு ஊருக்குள் இல்லை. காங்கேயத்தைத் தாண்டி மண்பாதையில் கொஞ்ச தூரம் போய், மேய்ச்சல் காட்டுக்கு நடுவில் இருந்த தோட்டத்து வீடு. சுற்றிலும் கிளுவை வேலி. வெள்வேல மரத்தடியில் மாடுகள் நின்றன. பெரியவர் ஒருவர் வந்து எங்களை உட்கார வைத்தார். அவருடைய மருமகள் இரண்டு சொம்பில் மோர் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லி அங்கேயும் ஒரு பேச்சை வளர்க்க விரும்பாமல் அதையும் குடித்தேன்.

"நீங்க எந்த ஊருங்க? என்ன கூட்டமுங்க?" என்று பெரியவர் கேட்டார். அந்தப் பக்கம் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். குலத்தைக் கேட்கிறார். என் கூட்டாளி தன் ஊரையும் கூட்டத்தையும் சொன்னான். பெரியவருக்கு முகம் மலர்ந்தது. அவருடைய மாமியார் வீட்டு வழியில் ஏதோ சொந்தம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவரு என்ற கூட்டாளிங்க. ஒண்ணா மில்லுல இருந்தவங்க" என்று அவன் எனக்கு முன்னால் சொல்லிவிட்டான்.

பெரியவர் தலையாட்டிக்கொண்டார். என்னையும் அவர்களில் ஒருவனாகவே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். நான் திருத்தவில்லை. குடித்து முடித்த சொம்பைக் கீழே வைக்கும்போது, இதை இப்போது கழுவத்தான் போகிறார்கள், எல்லோர் சொம்பையும்தானே கழுவுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது.

மாடு நல்ல மாடு. சாம்பல் கலந்த வெள்ளை. கொம்பு இரண்டும் ஒரே அளவு. அவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். பல்லைப் பார்த்தான், மடியைத் தொட்டான், குளம்பைப் பார்க்கக் குனிந்தான். "கவுத்தக் கொஞ்சம் புடி" என்று என்னிடம் நீட்டினான். பிடித்தேன். கன்று எங்கோ கத்தியது. பசு அந்தப் பக்கம் தலையைத் திருப்பி ஒரே இழுப்பாக இழுத்தது. நான் காலை ஊன்றி இழுத்துப் பிடித்தேன்.

அவ்வளவுதான். அடிவயிற்றில் என்னவோ விட்டுப்போனது எனக்குத் தெரிந்தது. நிறுத்த நினைத்தேன், நிற்கவில்லை. மாடு அமைதியாகிவிட்டது. நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன், என் மேல் போய்க்கொண்டே இருந்தது. பேடு இடம் மாறியிருக்க வேண்டும். வெள்ளை வேட்டி முன்பக்கம் முழங்கால் வரைக்கும் ஒட்டிக்கொண்டது. செருப்பில் ஈரம் இறங்கியது.

மருமகள்தான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். பெரியவர் என் வேட்டியைப் பார்த்து, "என்னங்க, மோரு சிந்திப்போச்சுங்களா?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார்.

"ஆமாங்க, மோரு" என்றேன்.

என் கையில் கயிறுதான் இருந்தது. மோர்ச் சொம்பு தூரத்தில் பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. எல்லோருக்கும் அது தெரிந்தது.

என் கூட்டாளி என் கையிலிருந்து கயிற்றை வாங்கினான். "மோரு இல்லீங்க" என்றான் பெரியவரிடம். "இவருக்கு ஆபரேசன் பண்ணியிருக்குதுங்க. ஒண்ணுக்கு நிக்க மாட்டீங்குது. தண்ணி எந்தப் பக்கமுங்க?"

காய்ச்சல் என்று சொல்வதைப் போலச் சொன்னான். எனக்கு அந்த இடத்திலேயே மண் பிளந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனுக்கு எப்படித் தெரியும் என்றுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை. இவன் ஏன் சொன்னான், மோர் என்றே விட்டிருக்கக்கூடாதா என்றுதான் இருந்தது. பெரியவர், "அய்யோ பாவம், அக்கட்டத் தொட்டியில இருக்குதுங்க" என்று கை காட்டினார்.

வீட்டுக்குப் பின்னால் மாடு குடிக்கும் தண்ணீர்த் தொட்டியும் ஒரு குழாயும் இருந்தன. அங்கே என்னைக் கூட்டிக்கொண்டு போய், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தான். நான் மறைவாக நின்று அதைக் கட்டிக்கொண்டேன். நனைந்ததை எல்லாம் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றேன். அவன் என் கையிலிருந்து வேட்டியைப் பிடுங்கினான். குழாய்க்குக் கீழே குந்தி உட்கார்ந்து கசக்க ஆரம்பித்தான். நனைந்த பகுதியை இரண்டு கையாலும் பிடித்து, எங்கள் வீட்டில் பெண்கள் கசக்குவார்களே, அந்த மாதிரி.

எனக்குத் தாங்கவில்லை. குனிந்து அவன் கையைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"வேண்டாங்க, உட்டுருங்க சாமி."

அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்தது. என் குரலில் வரவில்லை. என் அப்பாவின் குரலில் வந்தது. தோட்டத்துக்காரர்கள் முன்னால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் பேசுவாரே, அந்தக் குரல். அந்தச் சொல்லை எங்கள் வீட்டுக்குள் சொல்லவே அம்மா விட்டதில்லை. கடவுளைக்கூட ஆண்டவர் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா வெளியில் எத்தனையோ பேருக்கு அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதால், வீட்டில் அது வேண்டாம் என்பது அம்மாவின் தீர்மானம். என் வாழ்க்கையில் நான் யாரையும் அப்படிக் கூப்பிட்டது கிடையாது. அவனை, மில்லில் ஒரே ஏணியில் மேலும் கீழும் நின்று வேலை பார்த்தவனை, என்னை விட இரண்டு மாதம் இளையவனை, அப்படிக் கூப்பிட்டேன்.

அவன் கசக்குவதை நிறுத்தினான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. குழாய் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

அப்போது பெரியவர் ஒரு பழைய வேட்டியோடு பின்னால் வந்து நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. அவர் கேட்டிருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். கொண்டுவந்த வேட்டியை என் கையில் கொடுக்காமல் தொட்டியின் விளிம்பில் வைத்தார். "கட்டிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் கை ஈரமாக இருந்தது என்பதற்காகவும் அப்படி வைத்திருக்கலாம். உண்மையாகவே எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

என் கூட்டாளி அந்த வேட்டியைத் தொடவில்லை. என்னையும் தொட விடவில்லை. "காஞ்சதும் போலாம்" என்றான். துவைத்த வேட்டியைப் பிழிந்து எடுத்துப் போய் வேலியில் போட்டான். கிளுவையில் முள் இருக்கும். துணி கிழியாமல் இருக்க, முள் இல்லாத கிளையாகப் பார்த்துப் பார்த்து விரித்தான். நல்ல வெயில், காற்றும் இருந்தது. அது காயும் வரை நான் துண்டோடு தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்தேன். அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலிக்குப் பக்கத்தில் நின்றான்.

மாட்டை வாங்கவில்லை. "சொல்லி அனுப்பறேனுங்க" என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். காங்கேயம் பஸ் ஸ்டாண்டு வந்ததும், "நான் பஸ்ஸுல போயிக்கறேன்" என்றேன். "பேசாம உக்காரு" என்றான். துடியலூர் வரைக்கும் அதைத் தவிர வேறு பேச்சு இல்லை. வீட்டு வாசலில் இறங்கியபோது சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். உறை காய்ந்துதான் இருந்தது.

உள்ளே போனதும் மனைவியைத்தான் பிடித்தேன். அவள்தான் அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் கதவுக்கு வெளியே நின்று பேசிய அன்றைக்கே, தெருமுனை வரை கூடப் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"உன்ன யாரு சொல்லச் சொன்னா?"

"யாருகிட்டத்தானுங்க நான் சொல்றது? நீங்க படுத்தே கெடக்கறீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு."

வேலியில் காய்ந்த வேட்டியை அவிழ்த்து அவளிடம் கொடுத்தேன். அதை அவள் இன்னொரு முறை சோப்புப் போட்டுத் துவைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. நான் தினமும் கடையில் இருந்தேன். நான் நனைந்ததை அவன் பார்த்தது எனக்கு இப்போது பெரிதாக இல்லை. அது எப்படியோ கொஞ்சம் கொஞ்சமாக ஆறிவிட்டது. ஆறாமல் இருந்தது வேறு. ஆர்மேச்சரில் கம்பி சுற்றிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அந்தச் சொல் காதில் விழும், உடம்பு கூசும். அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. அவன் குந்தி உட்கார்ந்து என் வேட்டியைக் கசக்கியபோது, அவமானத்தில் செத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், எனக்கு உள்ளே ஒரு பெருமை வந்தது. இவன் யார், என்னுடையதைத் துவைக்கிறான் பார் என்று. மில்லில் வேறு எந்தக் கூட்டாளி துவைத்திருந்தாலும் நன்றி வந்திருக்கும். பெருமை வந்திருக்காது. அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் யோசித்த இடத்திலேயே எனக்கு வெட்கமாகிவிடும்.

மூன்றாவது சனிக்கிழமை வந்தான். மத்தியானம் கடந்த நேரம். கடையில் நான் மட்டும் இருந்தேன். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தான்.

"அன்னிக்கு என்னைய என்னன்னு கூப்புட்ட?"

"தெரியாம வந்துருச்சு."

"தெரியாம வருமா? முப்பது வருசமா உன்ற ஊட்டுல தின்னுட்டுத் திரியறேன். உள்ளுக்குள்ள நான் உனக்கு இன்னும் அதுதானா?"

அவன் கோபப்பட்டது எனக்குக் கோபத்தைக் கொடுத்தது. இவனுக்கு என்ன கோபம்? சொன்னது நான், கூசுவது என் உடம்பு.

"நீ ஒண்ண யோசிச்சுப் பாத்துருக்கறியா?" என்றேன். "மில்லுல உன்னைய வா போன்னு கூப்புடுவேன். இங்க கடையிலயும் அப்படித்தான். உன்ற ஊருக்கு வந்தா, உன்ற சொந்தக்காரங்க நடுவுல, நான் உன்னைய வாங்க போங்கன்னுதான் கூப்புடுவேன். ஆனா நீ எங்கயும் என்னைய வா போன்னுதான். எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. நானாத்தான் மாத்திக்குவேன். நீ ஒரு நாளாவது அதக் கவனிச்சியா?"

அவன் கடை வாசலைப் பார்த்தான்.

"கவனிச்சியா இல்லையா?"

"கவனிச்சேன்" என்றான்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்பான், அப்படியா என்பான் என்றுதான் நினைத்தேன். கவனித்திருக்கிறான். இத்தனை வருஷமாகக் கவனித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறான்.

அதன் பிறகுதான் உட்கார்ந்தான். கையை முழங்காலில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசினான்.

"ரெண்டு வாரமா நான் வராததுக்குக் காரணம் உன்ற மேல கோவம் இல்ல. சொல்றேன், கேளு. நீ அப்படிக் கூப்புட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருக்கோணும். போடல. சின்ன வயசுல ஊட்டுல நாளெல்லாம் கேட்ட சத்தம் அது. ஒரு நிமிசம் காதுக்குச் சாதாரணமா இருந்துச்சு. அதுக்கப்பறம்தான் சொன்னது யாருன்னு ஒறைச்சுது. அந்த ஒரு நிமிசம் இருக்குதல்ல, அத நான் யாருகிட்டப் போயிச் சொல்லுவேன்? பொண்டாட்டிகிட்டச் சொன்னா, இதுல என்ன இருக்குதும்பா. பையன்கிட்டச் சொன்னா என்னையக் கேவலமாப் பாப்பான். உன்னைய உட்டா எனக்கு ஆளில்ல. உன்கிட்டயும் எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றதுன்னுதான் வரல."

கடைக்கு வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் கையில் இருந்த கம்பியைக் கீழே வைத்தேன். அவன் சொன்னதைக் கேட்டு எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் அவன் அதைச் சொல்லாமலே இருந்திருக்க முடியும் என்பதும் எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிய வழியே இல்லாத ஒன்றை, தன்னைக் குறைத்துக் காட்டும் ஒன்றை, இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொண்டுவந்திருக்கிறான்.

என்னுடையதையும் சொன்னேன். அவன் துவைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது என்று. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"பெருமையா? ஒண்ணுக்கு நனைஞ்ச துணியக் கசக்கறதுல என்ன பெருமை?" என்று கேட்டான். கேட்ட பிறகு புரிந்தது. "ஓ" என்றான். பிறகு, "நாசமாப் போச்சு போ, ரெண்டு பேரும்" என்றான்.

அதற்குச் சிரித்திருக்கலாம். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டு ஆள் அனுப்பும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

நட்பு என்றால் வித்தியாசம் தெரியாமல் பழகுவது என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். நாங்கள் அப்படிப் பழகுகிறோம் என்று மற்றவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன், கொஞ்சம் கர்வத்தோடு. எங்களுக்கு அது ஒவ்வொரு நாளும் தெரிந்துதான் இருந்தது. எனக்குத் தெரிந்தது போலவே அவனுக்கும். இருவரும் ஆளுக்கொரு பக்கமாக அதை மூடி வைத்துக்கொண்டு, அதற்கு நட்பு என்று பெயர் சொல்லிக்கொண்டிருந்தோம். அது நட்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அதுவும் நட்புதான், அதில் எத்தனையோ நல்ல சனிக்கிழமைகள் உண்டு. ஆனால் என் வெட்கத்தை அவன் பார்த்து, அவன் வெட்கத்தை நான் பார்த்த பிறகும் அவன் வந்தானே, அது வேறு மாதிரியாக இருக்கிறது. சுகமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. முன்பு அவனோடு இருக்கும்போது யோசிக்காமல் பேசுவேன். இப்போது சில சமயம் ஒரு சொல்லை எடுத்து, பார்த்து, பிறகு சொல்கிறேன். அவனும் அப்படித்தான் செய்கிறான். தெரிகிறது.

கொஞ்ச நாள் கழித்து அவனுடைய சித்தப்பா வீட்டில் ஒரு சீர் விசேஷம் வந்தது. வழக்கம்போல அழைத்தான். வழக்கம்போல நான் போயிருப்பேன். போய், எல்லோருக்கும் வாங்க போங்க சொல்லி, ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கடைசிப் பந்திக்கு முந்திய பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேன். இந்த முறை வரவில்லை என்றேன்.

"ஒடம்புக்கு முடியலையா?"

"ஒடம்பு பரவால்ல. எனக்கு அங்க வர்றதுக்குப் புடிக்கல. எப்பவுமே புடிச்சதில்ல."

இதைச் சொல்ல எனக்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. சொல்லிவிட்டு, இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"செரி. வர வேண்டாம்" என்றான். அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை. அப்படியானால் தானும் போகவில்லை என்று அவன் வீரம் பேசவும் இல்லை. அவன் போனான். போக வேண்டிய இடம் அது அவனுக்கு.

சீர் அன்றைக்கு மத்தியானம், பந்தி நடந்துகொண்டிருக்கும் சத்தத்துக்கு நடுவில், அவனிடமிருந்து போன் வந்தது. மண்டபத்துக்குப் பின்னால் அண்டா கழுவும் இடத்தில் நின்று பேசுவதாகச் சொன்னான்.

"ரசத்துல உப்பு இல்ல. எங்க சித்தப்பன் மைக்கப் புடிச்சுட்டுப் பேசறாரு, யாரும் கேக்கல. மைக்கு ஒர்க் ஆவலைன்னு அவருக்கு இன்னும் தெரியாது. பத்து நிமிசமா வாயசைச்சுட்டு இருக்கறாரு."

"யாரும் சொல்லலையா?"

"யாரு சொல்லுவா? எல்லாரும் நிம்மதியாத் தின்னுட்டு இருக்கறாங்க."

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. சிரிக்கும்போதே நனைவதும் தெரிந்தது. பழைய நாளாக இருந்தால் ஏதோ சாக்குச் சொல்லிப் போனை வைத்திருப்பேன்.

"இரு, நனைஞ்சுருச்சு. மாத்திட்டு வாரேன்" என்றேன்.

"மெதுவாப் போயிட்டு வா" என்றான்.

போனைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனேன். பாத்ரூம் வரைக்கும் மண்டபத்துச் சத்தம் கேட்டது. பாத்திரம் மோதும் சத்தம், யாரோ சாம்பார் கேட்கும் சத்தம். வேறு வேட்டி கட்டிக்கொண்டு திரும்பி வந்து போனை எடுத்தபோது அவன் வைக்கவில்லை. சித்தப்பா இன்னும் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னான்.